கீரிமலையில் இருந்து யாழ் கோட்டை வரை: ஒரே பகலில் நடந்து முடிக்க முழு வழிகாட்டி

யாழ்ப்பாணத்துக்கு வருகிறவர்கள் நயினாதீவுக்குப் படகேறுவார்கள், நல்லூரில் கும்பிடுவார்கள், கோட்டைக்கு முன்னால் படம் எடுப்பார்கள். இடையில் இருக்கிற ஊர்கள் எல்லாம் பஸ் கண்ணாடிக்கு வெளியே ஓடி மறைந்துவிடும். எனக்கு அதில் தீராத மனக்குறை உண்டு. யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடமேற்குப் பகுதியான வலிகாமத்தின் உயிர் அந்த இடைப்பட்ட ஊர்களில்தான் இருக்கிறது. கிணறு, தோட்டம், கோயில் வீதி, ஒழுங்கை (சிறு தெரு), சந்தி என்று அடுக்கடுக்காய் வரும் ஊர்களை நடந்து கடந்தால்தான் இந்த மண்ணில் தண்ணீரும் மனிதரும் எப்படிச் சேர்ந்து வாழ்ந்தார்கள் என்பது விளங்கும்.

அதற்கு நான் சொல்லும் பாதை இதுதான். வடகரையில் கீரிமலையில் தொடங்கி மாவிட்டபுரம், தெல்லிப்பழை, மல்லாகம், சுன்னாகம், மருதனார்மடம், இணுவில், கோண்டாவில், கொக்குவில், நல்லூர் என்று தெற்கே இறங்கி, நகரத்தில் பண்ணைக் கடலோரம் முடிப்பது. நேராக நடந்தால் ஏறக்குறைய 20 கிலோமீட்டர், நல்லூரைச் சுற்றிப் போனால் இன்னும் கொஞ்சம் கூடும். மலையேற்றம் எதுவும் கிடையாது. ஆனாலும் குடாநாட்டில் உயர்ந்த நிலம் என்றால் அது இந்த வடக்குச் சுண்ணக்கல் மேடுதான். கடல்மட்டத்தில் இருந்து பத்துப் பன்னிரண்டு மீட்டர் வரும். அங்கிருந்து நிலம் தெற்கே கண்ணுக்குத் தெரியாத சரிவில் தாழ்ந்துகொண்டே வந்து பரவைக் கடலில், அதாவது ஆழமில்லாத களப்பில், முடிகிறது. நாளெல்லாம் நீங்கள் நடப்பது அந்தச் சரிவில்தான்.

எப்போது போவது

தை, மாசி மாதங்கள்தான் மிக நல்ல காலம். ஐப்பசி முதல் மார்கழி வரை வடகீழ்ப் பருவமழை. யாழ்ப்பாணத்துக்கு ஆண்டு முழுதும் கிடைக்கும் மழையில் பெரும்பகுதி அந்த மூன்று மாதத்தில் கொட்டிவிடும், ஒழுங்கைகளில் முழங்கால் அளவு வெள்ளம் நிற்கும். மழை விட்ட பிறகு தோட்டங்கள் பச்சைப் பசேல் என்று இருக்கும், கிணறுகள் நிரம்பி இருக்கும், வாடைக்காற்று முதுகுப் பக்கம் இருந்து வீசும். தெற்கு நோக்கி நடப்பவருக்கு அது பெரிய உதவி.

பங்குனி பாதி தாண்டினால் வெய்யில் ஏறிவிடும். வைகாசியில் இருந்து ஆவணி வரை சோளகக் காற்று (தென்மேற்குக் காற்று) முகத்தில் புழுதியோடு அடிக்கும். அந்தக் காலத்தில்தான் போகமுடியும் என்றால் பாதையை இரண்டு நாளாகப் பிரியுங்கள். எப்படிப் பிரிப்பது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். ஆடி அமாவாசை அன்று மட்டும் இந்த நடையை வைக்கவேண்டாம். தகப்பனை இழந்தவர்கள் பிதிர்க்கடன் செய்யக் கீரிமலைக்குத் திரளும் நாள் அது. அன்று அங்கே போவதானால் அதற்கென்றே போகவேண்டும்.

என்ன கொண்டுபோவது

பாரம் குறைவாக இருக்கட்டும். ஒன்றரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல், தொப்பி அல்லது குடை, ஒரு சாரமும் துவாயும், மாற்று உடுப்பு, சில்லறைக் காசு. குடை கொண்டுபோகக் கூச்சப்படாதீர்கள், இங்கே வெய்யிலுக்குக் குடை பிடிப்பது வழமைதான். காலுக்குப் பழகிய சப்பாத்து நல்லது. ஆனால் வழியில் பல கோயில்கள் வரும், ஒவ்வொன்றிலும் கழற்றி மாட்டவேண்டும். அதனால் பின்பட்டி உள்ள, பழகிய செருப்புத்தான் என் தெரிவு. ஆண்கள் கோயிலுக்குள் மேற்சட்டையைக் கழற்றவேண்டும் என்பதையும் மனதில் வைத்து உடுத்துங்கள். தோளையும் முழங்காலையும் மூடும் உடுப்பு எல்லோருக்கும் பொருந்தும்.

போனில் வரைபடம் இருக்கட்டும், ஆனால் அதை மட்டும் நம்பி ஒழுங்கைகளுக்குள் இறங்காதீர்கள். வலிகாமத்து ஒழுங்கை ஒன்று மூன்று முடக்குத் தாண்டி ஒரு வீட்டுப் படலையில் போய் முடியும். “அண்ணை, இந்த ஒழுங்கை எங்கை போய் ஏறும்?” என்று ஒருவரிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் விஷயம் முடிந்துவிடும். அவர் “உதிலைதான், கிட்ட” என்றால் இன்னும் ஒரு கிலோமீட்டர் இருக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் கட்டம்: கீரிமலை, விடிய ஆறு மணி

யாழ்ப்பாணம் மத்திய பஸ் நிலையத்தில் இருந்து கீரிமலைக்குப் பஸ் உண்டு. முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று முதல் நாளே கேட்டு வையுங்கள். நாலைந்து பேராகப் போனால் ஓட்டோ பிடிப்பது சுகம். விடியும்போது அங்கே நிற்கவேண்டும், அதுதான் முக்கியம்.

கேணியில் தொடங்குங்கள். ஒரு பக்கம் கடல், இடையில் ஒரு மதில், இந்தப் பக்கம் நன்னீர். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கேணிகள். படியில் இறங்கி அடியை உற்றுப் பாருங்கள். வெளிச்சம் விழும்போது தண்ணீர் நீலப் பச்சையாக இருக்கும், சுவரோரத்தில் காலை வைத்தால் மற்ற இடத்தைவிடக் குளிர்ந்த ஓட்டம் ஒன்று படும். ஊற்று வந்து சேரும் இடம் அது. வலிகாமத்துத் தோட்டங்களில் பெய்த மழை செம்மண்ணில் இறங்கி, சுண்ணக்கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் ஊர்ந்து வந்து கடலோரத்தில் இப்படி வெளிப்படுகிறது. குடாநாட்டின் நிலத்தடியில் கனமான உப்புநீருக்கு மேலே நன்னீர் ஒரு படையாக (அடுக்காக) மிதந்து நிற்கிறது. அந்தப் படை இருப்பதால்தான் இந்தப் பாதையில் நீங்கள் காணப்போகும் ஒவ்வொரு கிணறும் இருக்கிறது. இதை மனதில் பிடித்துக்கொண்டால் நாள் முழுக்கப் பார்ப்பது வேறு மாதிரித் தெரியும்.

குளிப்பதானால் சோப்புப் போடாமல் குளியுங்கள். அரை மணி நேரம் போதும். உடுப்பை மாற்றி, பக்கத்தில் நகுலேஸ்வரத்தைக் கும்பிட்டுவிட்டு வெளிக்கிடலாம். பஞ்ச ஈச்சரங்கள் எனப்படும் ஈழத்தின் ஐந்து பழைய சிவன் கோயில்களில் ஒன்று. கீரி முகம் கொண்ட முனிவர் இந்தத் தீர்த்தத்தில் நீராடி மனித முகம் பெற்றார் என்பது தலக்கதை. போர்த்துக்கேயர் காலத்தில் இடிக்கப்பட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மீண்டும் எழுந்து, 1990இல் குண்டுவீச்சில் சிதைந்து, திரும்பவும் கட்டப்பட்ட கோயில் இது.

இரண்டாம் கட்டம்: மாவிட்டபுரம் நோக்கி

கீரிமலை வீதியால் கிழக்கே போனால் மாவிட்டபுரம் சந்தி. இரண்டு கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டும். காலை வெய்யில் முகத்துக்கு நேரே வரும், தொப்பி தேவைப்படும். கந்தசுவாமி கோயில் சந்தியிலேயே நிற்கிறது. குதிரை முகம் கொண்ட சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி கீரிமலையில் நீராடிக் குணமாகி எழுப்பிய கோயில் என்று ஊர் சொல்லும். கீரிமலைத் தண்ணீரோடு கட்டப்பட்ட இரண்டாவது கதை இது. தண்ணீர் அரிதான மண்ணில் ஒரு நன்னீர் ஊற்றைச் சுற்றி இவ்வளவு கதை வளர்ந்ததில் எனக்கு எந்த வியப்பும் இல்லை.

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. வலிகாமம் வடக்கில் 1990இல் போரால் ஊர் ஊராகச் சனம் இடம்பெயர்ந்தது. பிறகு பெரும்பகுதி உயர் பாதுகாப்பு வலயமாக இருந்து, கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டது. இன்றும் காங்கேசன்துறைப் பக்கமும் பலாலிப் பக்கமும் படையினர் வசம் நிலம் இருக்கிறது. பிரதான வீதியை விட்டு விலகவேண்டாம். முகாம், காவலரண், துறைமுகப் பக்கம் படம் எடுக்கவேண்டாம், ட்ரோன் பறக்கவிடவே வேண்டாம். கூரை இல்லாத பழைய வீடுகளைக் கண்டால் வெளியே நின்று பாருங்கள், உள்ளே போகாதீர்கள். பற்றைக்குள் மறைந்து கிடக்கும் கட்டில்லாத கிணறுகள் உண்மையான ஆபத்து. அதோடு அது ஒருவருடைய வீடு. சுவரைப் பிளந்து ஆலமரம் வளர்ந்த ஒரு வீட்டுக்குப் பக்கத்திலேயே, திரும்பி வந்தவர்கள் கட்டிய சின்ன வீடும் புதிதாக நட்ட வாழையும் இருக்கும். அப்படியான இடங்களில் வேகத்தைக் குறையுங்கள். யாராவது வாசலில் நின்றால் ஒரு வணக்கம் சொல்லுங்கள், பெரும்பாலும் பேச்சு அவர்களிடம் இருந்தே தொடங்கும்.

மூன்றாம் கட்டம்: தெல்லிப்பழை, மல்லாகம்

மாவிட்டபுரத்தில் இருந்து காங்கேசன்துறை வீதியால் தெற்கே திரும்புங்கள். இனி நகரம் வரை இந்த வீதிதான் உங்கள் முதுகெலும்பு. வாகனம் எதிரே வரும்படி வலப்பக்கமாக நடங்கள். காலையில் நிழல் இடப்பக்கம்தான் விழும், ஆசை காட்டும். ஆனாலும் பாதுகாப்பு முக்கியம். மத்தியானத்துக்குப் பிறகு மேற்குப் பக்கத்து மதில்களின் நிழல் உங்கள் பக்கமே வந்துவிடும்.

தெல்லிப்பழையில் துர்க்கையம்மன் கோயில். சிவத்தமிழ்ச்செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி அம்மையார் (1925–2008) அந்தக் கோயிலோடு சேர்ந்து ஆதரவற்ற பெண்பிள்ளைகளுக்கு இல்லம் நடத்தியதை எங்கள் ஊரில் தெரியாதவர் இல்லை. அமெரிக்க மிஷன் 1816இல் காலூன்றிய இடமும் தெல்லிப்பழைதான், யூனியன் கல்லூரியின் வேர் அங்கேதான். பாவலர் துரையப்பாபிள்ளை 1910இல் தொடங்கிய மகாஜனக் கல்லூரியும் இங்கே. காலைச் சாப்பாட்டை இங்கே முடித்துக்கொள்ளுங்கள். இடியப்பம், சொதி, சம்பல், ஒரு பால்தேத்தண்ணி. வயிற்றை முட்ட நிரப்பாதீர்கள், இன்னும் தூரம் இருக்கிறது.

குடாநாட்டுக்கு ஆறு என்று சொல்ல ஒன்றே ஒன்றுதான், வழுக்கையாறு. அது இந்த வட்டாரத்து மழைநீரைச் சேர்த்துக்கொண்டு அளவெட்டி, கந்தரோடைப் பக்கமாகத் தென்மேற்கே போய் அராலியில் பரவைக் கடலில் விழும். மாரியில் மட்டும் ஓடும் ஆறு. தையில் போனால் வயல்களுக்கு நடுவே அதன் கடைசித் தண்ணீரைக் காணலாம்.

மல்லாகத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. சந்தியில் இளநீர் கிடைத்தால் குடித்துவிட்டுத் தொடருங்கள்.

ரயில் பாதை வீதியை ஒட்டியே வரும். தண்டவாளத்தில் நடந்தால் நிழலும் அமைதியும் கிடைக்கும் என்று தோன்றும், செய்யாதீர்கள். காங்கேசன்துறை வரை ரயில் 2015இல் மீண்டும் ஓடத் தொடங்கிய பிறகு கடவைகளில் உயிர்கள் போயிருக்கின்றன. படலை இல்லாத கடவைகளில் காதில் இருக்கும் கருவியைக் கழற்றி, இரண்டு பக்கமும் பார்த்துக் கடவுங்கள்.

நான்காம் கட்டம்: சுன்னாகமும் கந்தரோடையும்

பத்து, பத்தரைக்கு சுன்னாகத்தில் இருக்கலாம். பாதித் தூரம் முடிந்தது. சந்தைக்குள் போகாமல் தாண்டவேண்டாம். நடந்து வரும்போது மதிலுக்குப் பின்னால் கண்ட தோட்டங்கள் எல்லாம் இங்கே கூடையிலும் சாக்கிலும் இருக்கும்: சின்ன வெங்காயம், பீற்றூட், கத்தரி, மரவள்ளி, வாழைக்குலை, முருங்கைக்காய், கட்டுக்கட்டாய்க் கீரை. புழுக்கொடியலும் பனங்கட்டியும் வாங்கிப் பையில் போடுங்கள். வெய்யில் நடைக்குப் பனங்கட்டித் துண்டு ஒன்றைப் போலச் சக்தி தருவது வேறு இல்லை.

போத்தலை இங்கே கடையில் வாங்கிய தண்ணீரால் நிரப்புங்கள். 2014, 2015 அளவில் சுன்னாகத்தைச் சுற்றிய கிணறுகளில் கழிவு எண்ணெய் கலந்திருப்பது வெளிவந்து, சனம் வீதிக்கு வந்து, வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. சுண்ணக்கல் தண்ணீரை வடிகட்டித் தருவதில்லை, ஓட்டைகளால் கடத்திவிடுகிறது. மேலே ஊற்றியது கீழே அடுத்த ஊர்க் கிணற்றில் வந்து நிற்கும். காலையில் கீரிமலையில் கண்ட அந்தக் குளிர்ந்த ஓட்டத்தின் மறுபக்கம் இது. அதனால்தான் இந்த மண்ணில் தண்ணீரைக் காப்பது எல்லோருடைய பொறுப்பும் என்று நான் எங்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

காலில் பலம் இருந்தால் இங்கிருந்து மேற்கே ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டரில் கந்தரோடை. பனைகளுக்கு நடுவே சுண்ணக்கல்லால் கட்டிய குட்டைத் தூபிகள் கூட்டமாக நிற்கும். சில இடுப்பளவு, சில ஆளுயரம் தாண்டும். 1917 அளவில் வரலாற்றாய்வாளர் போல் பீரிஸ் அகழ்ந்து எழுதிய பிறகுதான் வெளியுலகம் அறிந்தது. 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தினர் தோண்டியபோது தூபிகளுக்கும் முந்திய, பெருங்கற்காலப் பண்பாட்டு மட்டங்கள் கிடைத்தன. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே மனிதர் குடியிருந்த இடம். தூபிகளில் ஏறி நிற்காதீர்கள். அங்கிருந்து சுன்னாகத்துக்குத் திரும்பி வராமல் உடுவில் வழியாக மருதனார்மடத்துக்கு வந்துவிடலாம். அந்த ஒழுங்கைகள்தான் முழுப் பாதையிலும் எனக்கு மிகப் பிடித்தவை. கிளுவைக் கதியால் வேலி, பனையோலை அடைப்பு, பூவரச நிழல், எங்கோ ஒரு கிணற்றில் வாளி இறங்கும் சத்தம். உடுவில் மகளிர் கல்லூரி 1824இல் இருந்து இங்கே இருக்கிறது.

ஐந்தாம் கட்டம்: மருதனார்மடம், மத்தியான ஓய்வு

பன்னிரண்டில் இருந்து இரண்டரை வரை நடக்கவேண்டாம். இதை நான் கண்டிப்பாகவே சொல்கிறேன். தையில்கூட அந்த நேரத்து வெய்யில் ஆளைச் சோர்த்துவிடும். மருதனார்மடத்தில் சைவக்கடைச் சாப்பாடு கிடைக்கும். சோறு, பருப்பு, மரக்கறி, பொரியல், ரசம். சாப்பிட்டுக் கால்களை நீட்டுங்கள், பாதத்தைத் துணியால் துடைத்து உலரவிடுங்கள், எங்காவது சிவந்து எரிந்தால் இப்போதே ஒட்டுப் போடுங்கள். கொப்புளம் வந்த பிறகு போடுவதில் பயனில்லை. பெரிய ஆஞ்சநேயர் சிலையும், பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் பெண்களுக்கென்று தொடங்கிய கல்லூரியும் பக்கத்தில்தான்.

வழியில் எங்காவது தோள் உயரத்தில் இரண்டு கல் நிறுத்தி மேலே ஒரு கல் படுக்கவைத்த அமைப்பைக் கண்டால் அது சுமைதாங்கி. தலைச்சுமையோடு வருகிறவர் யாருடைய உதவியும் இல்லாமல் இறக்கி வைத்து, திரும்பத் தலையில் ஏற்றிக்கொள்ள. பிள்ளை பெறாமலே இறந்த கர்ப்பிணியின் நினைவாக அதைக் கட்டுவது வழக்கம். பக்கத்தில் குத்தாக நட்ட தனிக்கல் இருந்தால் அது ஆவுரஞ்சிக்கல், மாடுகள் உடம்பை உரசிக்கொள்ள. ஒரு மடம், ஒரு கேணி, ஒரு சுமைதாங்கி, ஓர் ஆவுரஞ்சிக்கல் என்று சேர்ந்தே அமைத்தார்கள். நடந்து போகிறவனுக்கும் மாட்டுக்கும் என்னென்ன வேண்டும் என்று நன்றாக யோசித்திருக்கிறார்கள். வீதி அகலிக்கும்போது பல காணாமல் போய்விட்டன. மிஞ்சியிருப்பதைக் கண்டால் படம் எடுத்து, இடத்தையும் குறித்து வையுங்கள்.

ஆறாம் கட்டம்: இணுவில், கோண்டாவில், கொக்குவில்

இரண்டரைக்கு வெளிக்கிடுங்கள். இந்தப் பகுதியில் பிரதான வீதி கடைகளும் வாகனமுமாக இருக்கும், ஆனால் ஐந்து நிமிடம் பக்க ஒழுங்கையால் இறங்கினால் செம்மண் தோட்டம். பின்னேரம் இறைப்பு நடக்கும் நேரம். ஒரு தோட்டத்து வரம்பில் நின்று பாருங்கள். மெசின் தண்ணீரைத் தொட்டிக்கு ஏற்றும், அங்கிருந்து வாய்க்காலால் ஓடிவரும். வெறுங்காலோடு ஒருவர் மண்வெட்டியுடன் நிற்பார். ஒரு பாத்தி நிரம்பியதும் ஒரே வெட்டில் மண்ணை எடுத்து அதன் வாயை அடைத்து, அடுத்த வெட்டில் மற்றப் பாத்தியைத் திறப்பார். தண்ணி மாறுவது என்போம். வெங்காயத் தாளின் அடி நனையும், நுனி நனையாது. ஒரு சொட்டு வரம்பு தாண்டாது. ஆறில்லாத ஊரில் நூற்றாண்டுகளாகப் பழகிய கை அது. வரம்பில் கால் வைக்குமுன் “ஐயா, நிண்டு பாக்கலாமோ?” என்று கேளுங்கள்.

இணுவில் நாதஸ்வர, தவில் கலைஞர்களின் ஊர். தவில் மேதை தெட்சணாமூர்த்தி பிறந்த மண். அங்கே கந்தசுவாமி கோயிலில் மரத்தால் செய்த பெருமஞ்சம் (சுவாமி எழுந்தருளும் தேர் போன்ற வாகனம்) இருக்கிறது, அதன் சிற்ப வேலைப்பாட்டைப் பார்க்கவே அரை மணி கொடுக்கலாம். கோண்டாவில், கொக்குவில் ஒருகாலத்தில் சுருட்டுக் கொட்டில்களுக்குப் பேர்போனவை.

ஏழாம் கட்டம்: நல்லூர், கோட்டை

கொக்குவிலில் இருந்து கிழக்கே திரும்பித் திருநெல்வேலி வழியாக நல்லூருக்கு வாருங்கள். களைத்துவிட்டால் திரும்பாமல் காங்கேசன்துறை வீதியாலேயே நேரே நகருக்குப் போகலாம். நல்லூர் கந்தசுவாமி கோயில் நேரம் தவறாத பூசைக்குப் பேர்பெற்றது. வெளிவீதி மணலில் வெறுங்காலோடு ஒரு சுற்றுப் போங்கள், நடந்து சூடேறிய பாதத்துக்கு அந்த மணல் தரும் சுகம் தனி. ஆடி, ஆவணியில் 25 நாள் திருவிழாக் காலத்தில் வீதிகள் மூடப்பட்டிருக்கும், அதற்கேற்ப நேரம் ஒதுக்குங்கள். யாழ்ப்பாண அரசின் பழைய இராசதானியின் மிச்சமாக யமுனா ஏரியும் மந்திரிமனையும் நடைதூரத்தில் உண்டு.

பருத்தித்துறை வீதியால் நகருக்குள் வந்து, பொதுநூலகத்தைக் கடந்து கோட்டைக்குப் போங்கள். 1981இல் எரிக்கப்பட்டு மீண்டும் எழுந்த நூலகத்தின் முன்னால் ஒரு நிமிடமாவது நில்லாமல் போக எனக்கு மனம் வருவதில்லை. கோட்டை போர்த்துக்கேயர் தொடங்கி, 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றி ஐங்கோணமாகக் கட்டியது. அதன் கொத்தளத்தில் ஏறினால் மேற்கே பண்ணைக் கடல், தீவுகளுக்குப் போகும் வீதி. சூரியன் இறங்குமுன் ஏறிவிட வேண்டும், ஆகவே நல்லூரில் இருந்து ஐந்து மணிக்குப் பிந்தாமல் புறப்படுங்கள்.

திரும்பிப் போவதும் இரண்டாகப் பிரிப்பதும்

மத்திய பஸ் நிலையம் கோட்டையில் இருந்து நடைதூரம், ரயில் நிலையம் அதற்குச் சற்று அப்பால். பாதையில் எங்கே களைத்தாலும் கவலை இல்லை. பகலில் காங்கேசன்துறை வீதியில் பஸ் ஓடிக்கொண்டே இருக்கும், கை காட்டினால் நிற்கும்.

சின்னப் பிள்ளைகள், வயது போனவர்களோடு வருகிறீர்கள் என்றால் சுன்னாகத்தில் வெட்டுங்கள். முதல் நாள் காலை கீரிமலையில் இருந்து சுன்னாகம் வரை, பத்தரைக்குப் பஸ் ஏறி வீடு. அடுத்த நாள் பின்னேரம் இரண்டரைக்கு சுன்னாகத்தில் தொடங்கினால் கந்தரோடையையும் நல்லூரையும் விட்டுவிட்டு நேரே கோட்டைக்கு வாருங்கள். அப்போதுதான் இருட்டுமுன் சேரலாம். இரவு இளஞ்சூட்டு நீரில் உப்புப் போட்டுக் காலை வைத்திருந்துவிட்டு, நல்லெண்ணெய் தடவிப் படுங்கள்.